ஏழாம் நம்பர் மலைப் புல்

சுதா மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சோறு அடுப்பில் இருக்கிறது, அடிப்பிடித்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்று பகல் நான் கடையில் வாங்கிய பாண் துண்டுதான் சாப்பிட்டேன். போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து எதிரே இருந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. நேரில் பேசினாலும் போனில் பேசினாலும் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இது நீளும். வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, ஆறுதலாக இருந்து படி.

நீ கேட்டது இதுதான். "அம்மா, ஓர்கானிக் சான்றிதழ், பயோடைனமிக் சான்றிதழ் எல்லாத்தையும் தோட்டத்து ஆபீசில இருந்து பார்த்தவங்க நீங்க. உண்மையா அத நம்பலாமா?" அடுத்த மாதம் நீ அங்கே ஆஸ்திரேலியாவில் வைன் தோட்டங்களுக்குப் போய் அந்தச் சான்றிதழுக்காகப் பார்வையிடுகிற வேலையில் சேரப்போகிறாய். முதல் நாள் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். நீ என்னைப் பற்றிப் பேசப் போகிறாயாம். விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டாயாம், ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்த என் அம்மாதான் இன்ஸ்பெக்டர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்த்தவர், நேர்மை என்றால் என்ன என்று அவரிடம்தான் படித்தேன் என்று. அதை வாசித்த உன் ஆபீஸ் பெரியவருக்கு மிகவும் பிடித்துப்போனதாம். நீ சந்தோஷமாகச் சொன்னாய். அந்தப் பேச்சை நீ பேசுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும்.

முதலில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன தடவை நீ கொண்டுவந்த வைன் போத்தல் பாதியாக இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. நீ ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் எனக்குக் கொஞ்சம் ஊற்றினாய். மகன் ஊற்றிக்கொடுக்கத் தாய் குடிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிவாளே என்று நான் எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்ச திராட்சைத் தண்ணி. இதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்றேன். நீ சிரித்தாய். போத்தலைத் திருப்பி முத்திரைகளைக் காட்டினாய். திராட்சை ஓர்கானிக் என்பது வேறு, வைனே ஓர்கானிக் என்பது வேறு என்றாய். சில நாடுகளில் வைனில் துளி கந்தகம் சேர்த்தாலும் ஓர்கானிக் வைன் என்று எழுத விடமாட்டார்களாம், ஓர்கானிக் திராட்சையில் செய்தது என்று மட்டும்தான் போடலாமாம். வேறு நாடுகளில் ஓர் அளவு வரைக்கும் விடுவார்களாம். பயோடைனமிக் முத்திரை வேண்டுமென்றால் முதலில் ஓர்கானிக்கில் தேற வேண்டும், அதற்கு மேலே மாடு, கொம்பு, நிலவு பார்த்து நடுகிற கலண்டர் எல்லாம் வரும் என்றாய். சும்மா இயற்கை வைன் என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் அநேகமாக யாரும் போய்ப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றாய். எனக்குத் தெரியாததை எல்லாம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நீ சொல்லிக்கொண்டு போனாய். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த முத்திரைகளை மட்டும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

நான் அறிந்த அளவில் சொல்கிறேன். சான்றிதழ் தேயிலையைக் குடித்துப் பார்ப்பதில்லை, வைனையும் குடித்துப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது புத்தகத்தை. செயற்கை உரமும் மருந்தும் நிறுத்தி மூன்று வருஷம் நிலம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரை. அந்த மூன்று வருஷத்தில் தோட்டத்துக்குள் என்ன வந்தது, எந்த நம்பர் மலையில் போட்டது, யார் போட்டது என்று ஒன்றும் விடாமல் ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் அடிக்கிற மருந்து காற்றில் வரும் என்பதால் எல்லையில் சில வரிசைகளை ஒதுக்கி, அந்தக் கொழுந்தைத் தனியாக நிறுக்க வேண்டும். எடுத்த கொழுந்துக்கும் விற்ற தூளுக்கும் கணக்கு ஒத்துவர வேண்டும். ஓர்கானிக் என்றால் மருந்தே இல்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அனுமதித்தது மட்டும், அனுமதித்த அளவு மட்டும். தேயிலை இலையில் வருகிற கொப்புள நோய்க்கு எங்களுக்குச் செம்பு மருந்து இருந்தது, திராட்சைக்கும் அதே செம்பும் கந்தகமும் உண்டு என்று நீயே சொன்னாய். கடைசியில் ஒன்று இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வேலையாட்களோடு தனியாகப் பேச வேண்டும், தோட்டத்து மனேஜர் துரையோ அவருக்குக் கீழே இருக்கிற சின்னத்துரையோ பக்கத்தில் நிற்கக் கூடாது. ரெஜிஸ்டர் பொய் சொன்னால் பிடிப்பதற்கு அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அதற்கு நடுவில் நின்றவள் நான்.

உனக்கு மாரியாயி அத்தையை நன்றாக நினைவிருக்கும். நீ அவளைத்தான் அத்தை என்றாய். நான் அவளை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன், அவள் என்னைவிட எட்டு வயது மூத்தவள். நானும் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் பரீட்சை பாஸாகி ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்த நாளிலிருந்து எல்லாருக்கும் மிஸ் ஆகிவிட்டேன். அவள் தோட்டத்து மாட்டுப்பட்டியைப் பார்த்தாள். நான் ஆபீசிலிருந்து வரும்வரைக்கும் நீ பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் கிடப்பாய். சாணி நாற்றத்தோடு வருவாய், நான் திட்டுவேன். பயோடைனமிக் தொடங்கியபோது கொம்பு வேலையை அவளிடம்தான் கொடுத்தார்கள். பசுவின் கொம்பில் சாணியை அடைத்துக் குளிர் மாதங்களில் மண்ணில் புதைத்து வைப்பது, பிறகு தோண்டி எடுத்து ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு ஒரு மணித்தியாலம் கலக்கி, பின்னேரம் மலையில் தெளிப்பது. ஒரு பக்கம் சுழி விழும்வரை கலக்கி, சட்டென்று மறுபக்கம் திருப்பிக் கலக்க வேண்டும். நீயும் அவளோடு கம்பு பிடித்துக் கலக்கியிருக்கிறாய்.

கொம்புகள் கண்டி மார்க்கெட்டில் இறைச்சிக் கடை வைத்திருந்த பாயிடமிருந்து சாக்கில் வந்தன. அறுத்த மாட்டுக் கொம்பு என்று தெரிந்ததும் ஆம்பிளைகள் ஒருவரும் தொடவில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் சாக்கு இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மாரியாயிதான் வந்து பிரித்தாள். "செத்தாலும் மாடு மாடுதானே, அதுக்கு என்ன தீட்டு" என்று சொல்லி, ஒவ்வொன்றாக மஞ்சள் தண்ணியில் கழுவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் புதைத்தாள். அந்த வருஷம் வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அம்மா தோண்டி எடுத்த கொம்பில் மஞ்சளைப் பார்த்துவிட்டு, இது என்ன பொருள், யார் விற்றது, ஓர்கானிக் மஞ்சளா என்று என்னைக் கேட்டார். சாமி கும்பிட்டது என்று சொன்னேன். அதற்கும் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் வேண்டும் என்றார். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் சூடத்துக்கும் நான் பக்கம் திறந்தேன். அதை மாரியாயியிடம் சொன்னபோது, "மிஸ், அப்ப நான் போட்ட கும்பிடு எந்தப் பக்கத்துல எழுதினீங்க?" என்று கேட்டுச் சிரிசிரி என்று சிரித்தாள்.

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பது என் வேலையில்லை, ஆனால் இங்கிலீசும் சிங்களமும் தெரிந்ததால் அது என் தலையில் விழுந்தது. லயத்திலிருந்து ஒருவர் வந்து துரைக்கு முன்னால் நின்று, கூரைத் தகரம் காற்றில் போனதையும், பிள்ளை நனைந்து காய்ச்சல் வந்ததையும், போன துரை காலத்திலேயே சொன்னதையும், நடுவில் இரண்டு ஏச்சையும் சேர்த்துக் கால் மணித்தியாலம் பேசுவார். நான் துரை பக்கம் திரும்பி, கூரை ஒழுகுகிறது சார் என்பேன். அவ்வளவுதான். துரைக்குப் பொறுமை இல்லை, அந்த ஆளின் ஏச்சு காதில் விழுந்தால் அந்த ஆளுக்குத்தான் கேடு. நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். வெட்டிச் சுருக்கி, முள்ளை எடுத்துக் கொடுப்பது. இருபது வருஷம் அதைச் செய்தேன். கையெழுத்து மாதிரி அது எனக்குப் பழகிவிட்டது. யாருக்காக வெட்டுகிறேன் என்று யோசிப்பதே நின்றுபோனது.

வீட்டிலும் அதைத்தான் செய்தேன். உன் அப்பாவின் கடைசி வருஷம் டொக்டர் என்னிடம் சிங்களத்தில் விவரமாகச் சொன்னார், இனி வைத்தியம் நோவைக் குறைக்க மட்டும்தான் என்று. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு?" என்றார். "மாத்திரைய ஒழுங்கா எடுக்கச் சொல்றாரு" என்றேன். அவர் நம்பினார். நீ அப்போது கம்பஸில் கடைசி வருஷம், பரீட்சை முடிந்து வரட்டும், அவசரமில்லை என்றார். நீ வந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. இதை உனக்கு நான் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் உன்னை உடனே வரச் சொல்லியிருப்பார். உங்கள் இருவரிடமிருந்தும் அந்த நாட்களை நான் எடுத்துக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட எனக்கு ஒன்றும் வரவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஏழாம் நம்பர் மலை. நீ ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சை எழுதிய வருஷம். அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை, புல் இடுப்பளவு வந்துவிட்டது. கையால் புல் எடுக்க ஆளில்லை, இளசுகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சின்னத்துரை வெளியிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து ஏழாம் நம்பர் மலையின் மேல் கோடியில் புல்லுக்கு மருந்து அடிப்பித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் காய்கறித் தோட்டம் இருந்ததால், யாரும் கேட்டால் காற்றில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ரெஜிஸ்டரில் அது இல்லை. நான் எழுதவில்லை, எழுதச் சொல்லி யாரும் தரவுமில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அந்த மூலை மட்டும் வைக்கோல் நிறத்தில் கிடந்ததை ஆபீஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். மாரியாயி அங்கேதான் மாட்டுக்குப் புல் வெட்டுவாள். தெரியாமல் ஒருநாள் வெட்டிப் போட்டிருக்கிறாள். கன்றுக்குட்டி ஒன்று மூன்று நாள் வயிற்றால் போய்ச் செத்துப்போனது. நீ அழுதாயே, நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள கன்று, அதுதான். மருந்தினால்தான் செத்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நான் இல்லை, இன்ஸ்பெக்டர்தான். அந்தக் கேள்வி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அந்த வெள்ளைக்கார அம்மாதான் அந்த வருஷமும் வந்தார். நல்ல மனுஷி, குனிந்து மண்ணை எடுத்து மோந்து பார்ப்பார். மாட்டுப்பட்டியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துரையைப் போகச் சொல்லிவிட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நீங்களும் பெண், இவர்களுடைய ஆள், அதனால் எனக்கு நிம்மதி என்று என்னிடம் சொன்னார். பிறகு மாரியாயியிடம், மாடு என்ன தின்கிறது, புல் எங்கே வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். மாரியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "மிஸ், இத அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லுங்க. நான் ஏழாம் நம்பர்லதான் வெட்டிக்கிட்டிருந்தேன். இப்ப வெட்டறதில்ல. அங்க மருந்து அடிச்சிட்டாங்க. நான் என் கண்ணால பாத்தேன், ரெண்டு பேரு டேங்க் போட்டுக்கிட்டு வந்தானுங்க" என்று ஆரம்பித்து, கன்று எந்த நாள் தின்றது, எப்படிக் கழிந்தது, கன்றைக் காணாமல் தாய் மாடு எப்படிக் கத்தியது என்று எல்லாம் சொன்னாள். ஐந்தாறு நிமிஷம் பேசியிருப்பாள். நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். மலை ஓரங்களில் வெட்டுகிறாள், ஏழாம் நம்பர் மலை சறுக்கலாக இருப்பதால் அங்கே போவதில்லை என்று இங்கிலீசில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் எனக்குக் கட்டளை இடவில்லை, சுதா. இதை நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். துரை கண் காட்டவில்லை, சின்னத்துரை மிரட்டவில்லை. முத்திரை போனால் தோட்டத்தை மூடிவிடுவார்கள், இத்தனை குடும்பம் எங்கே போகும், நம்முடைய குவார்ட்டர்ஸ் என்ன ஆகும் என்றெல்லாம் பிறகு நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் இவை ஒன்றும் மனதில் இல்லை. வாய் தன்பாட்டில் வெட்டிச் சுருக்கியது, முள்ளை எடுத்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அப்போதாவது திருத்தியிருக்கலாம், அந்த அம்மா பேனையை மூடக்கூட இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, இப்போது இருப்பது மாதிரித்தான்.

சான்றிதழ் வந்தது. பிரட்டுக் களத்தில் எல்லாருக்கும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். மாரியாயி என்னிடம் வந்து, "மிஸ், நான் சொன்னத அந்தம்மா எழுதலையா?" என்று கேட்டாள். "எழுதினாங்க, அதெல்லாம் மேல இருந்து முடிவு பண்றது" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சரி மிஸ்" என்று போய்விட்டாள்.

அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து வேறு இன்ஸ்பெக்டர் வந்தார். அவரோடு தமிழ் தெரிந்த ஒரு பெண்ணும் வந்தாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அதனால் நான் தேவைப்படவில்லை, ஆபீசிலேயே இருந்தேன். மாரியாயி அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்லியிருக்கிறாள், போன வருஷமும் சொன்னேன் என்றும் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு வருஷம் போய்விட்டது. புல் பச்சையாக முளைத்துவிட்டது, கன்றைப் புதைத்த இடமும் தெரியாது. மிச்சம் இருந்தது அவள் வாய்ச்சொல் மட்டும்தான், போன வருஷத்து ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. ரிப்போர்ட்டில் சறுக்கல் மலை என்று இருந்தது. அந்தப் பிள்ளை மாரியாயியையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள். "அக்கா, போன வருசமும் இதைச் சொன்னவவாம். நீங்கள்தானே மொழிபெயர்த்தது? இவ அப்பிடிச் சொன்னவவோ?" துரை உள் அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. மாரியாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "இல்ல. அவ அப்படி ஒண்ணும் சொல்லல" என்றேன்.

மாரியாயி சத்தம் போட்டு என்னை ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லது. அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு, "ஓம், சரி" என்று எழுதிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து மாரியாயி பொய்க்காரி. தோட்டத்தைக் கெடுக்கப் பார்த்தவள் என்று லயத்தில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவர்களுக்கும் வேலை போய்விடும் என்று பயம். மாட்டுப்பட்டியிலிருந்து அவளை எடுத்துத் தூரத்து மலையில் வேலைக்குப் பேர் போட்டார்கள். அந்தப் பேரை ரெஜிஸ்டரில் எழுதியதும் நான்தான். மூன்று கிழமையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அத்தை ஏன் சொல்லாமல் போனாள் என்று நீ ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாய். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவளுக்கு மகளே இல்லை என்பது உனக்குத் தெரியாது.

அவள் கலகெதரவில் இருக்கிறாள் என்று எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். தோட்டத்து ஆள் ஒருத்தி கண்டி மார்க்கெட்டில் கண்டபோது சொன்னாள், ஒரு சிங்கள வீட்டில் மாடு பார்க்கிறாள் என்று. இங்கிருந்து பஸ்ஸில் போய் வர ஒரு காலை போதும். நான் போகவில்லை. நீ போன் எடுத்த பிறகு புதன்கிழமை கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் குருநாகல் பஸ் ஏறிப் போனேன். அவள் கொட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள், பல் இரண்டு இல்லை. "வாங்க மிஸ்" என்றாள், வாளியைக் கவிழ்த்து உட்காரப் போட்டாள். நான் நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினேன். "மாரியாயி, அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட நீங்க சொன்னத நான் சொல்லல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை நீங்க என்றேன்.

"தெரியும் மிஸ். அன்னைக்கே தெரியும்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீங்க ஒரு மூச்சுல முடிச்சிட்டீங்க. இங்கிலீசு தெரியாதுதான், அதுக்காக அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சும் ஏன் அடுத்த வருசம் என் மேசைக்கு வந்து நின்னீங்க?"

அவள் கொட்டில் கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். "அந்தப் புள்ள உங்க முன்னாடி கூட்டிட்டுப் போய்க் கேட்டிச்சில்ல. இந்தத் தடவ நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன், பஸ் அரை மணிக்கு ஒன்று இருக்கிறது. அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள். நீ பார்க்கப்போகிற வேலையைச் சொன்னேன். அவள் வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப அவருகிட்ட போயி சொல்லுங்க. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, எனக்குத் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி தும்புத்தடியை எடுத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வழியனுப்ப வேலிக் கடப்பு வரைக்கும் வந்தாள்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில், சான்றிதழை நம்பலாம், அதற்குள்ளே நிற்கிற ஆட்களைப் பொறுத்து. ரெஜிஸ்டர் பார்ப்பதும் மண்ணை எடுத்துச் சோதிப்பதும் உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உன் வைன் தோட்டங்களிலும் பழம் பறிக்க வருகிறவர்கள் வேறு வேறு பாஷைக்காரர்கள் என்றாய். அவர்களோடு பேச உனக்கும் ஓர் ஆள் தருவார்கள். அநேகமாக அந்தத் தோட்டத்து ஆபீசில் வேலை செய்கிற ஒரு பெண்ணாக இருக்கும். சுத்தமாக உடுத்தியிருப்பாள், புத்தகங்களை அழகாக எழுதி வைத்திருப்பாள், குடிக்க ஏதாவது கொண்டுவந்து தருவாள், அந்த ஆட்களோடு பிறந்து வளர்ந்தவளாக இருப்பாள். யாரும் அவளைப் பயமுறுத்தியிருக்கமாட்டார்கள். அவள் கெட்டவளும் இல்லை. அவளை நம்பாதே.

முதல் நாள் பேச்சில் என்னைப் பற்றி என்ன சொல்வதென்று நீயே முடிவெடு. சொல்லாமல் விடுவதானாலும் சரி, இதை அப்படியே வாசிப்பதானாலும் சரி, என்னைக் கேட்காதே, நான் சுருக்கிவிடுவேன். அதற்கு முன்னால் மாரியாயிக்கு ஒரு போன் எடு. அந்த வீட்டு நம்பரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். காலையில் பால் கொடுத்து முடித்த பிறகு ஓய்வாக இருப்பாள். அன்றைக்கு அந்த அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று கேள். உங்கள் இருவருக்கும் நடுவில் யாரும் தேவையில்லை. எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்கே பேசாமல், தேதி, கன்று, டேங்க் போட்ட ஆட்கள், ஏச்சு எல்லாவற்றையும் அவள் சொல்கிறபடியே எழுதிக்கொள். எழுதி முடித்ததும் முழுவதையும் அவளுக்குத் திருப்பி வாசித்துக் காட்டு.

அம்மா